நோயில்லாதவர் குழு

ஜூன் 3, செவ்வாய்

சர்க்கரை டப்பாவை மறுபடியும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வேலுத்தாய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவளுடைய சண்டை.

கோவில்பட்டியில் முப்பது வருடத்துக்கு மேல் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, எத்தனையோ ஹாக்கி ஆட்டங்களுக்கு நடுவராக விசில் ஊதி, ஓய்வு பெற்ற பிறகும் தினமும் மைதானத்தைச் சுற்றி வருகிறவன் நான். என் மனைவி எண்பத்தாறு கிலோ இருக்கிறாள். தவசிலிங்கம் சார் ஊருக்குத்தான் உபதேசம் செய்வார் என்று நாலு பேர் சிரிப்பதற்கு இது போதாதா? ராத்திரிச் சோற்றை நிறுத்தி மூன்று மாதமாகிறது. இரண்டு சப்பாத்தி மட்டும் தருகிறேன். ஆனாலும் அவளுக்கு அரைக் கிலோகூடக் குறையவில்லை. நான் வெளியே போகும் நேரம் பார்த்து எதையோ தின்கிறாள் என்பது என் முடிவு.

என் எடை ஐம்பத்தேழு. சித்திரையில் அறுபத்திரண்டு இருந்தேன். ஒரு முயற்சியும் இல்லாமல் இறங்கியிருக்கிறது. இத்தனைக்கும் நடந்துவிட்டு வந்ததும் எனக்குச் சர்க்கரை போட்ட காபி இரண்டு டம்ளர் வேண்டும். உழைக்கிற உடம்பு எதையும் எரித்துவிடும். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டதை அவளிடம் காட்டினேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், கன்னம் ஒட்டிப் போச்சே என்று முகத்தைத் தடவுகிறாள். பொறாமை, வேறென்ன.

ஜூன் 5, வியாழன்

மதுரையிலிருந்து இந்துஜா பேசினாள். வேலுத்தாயின் அண்ணன் மகள், பல் மருத்துவத்தில் மேல்படிப்பு படிக்கிறாள். ஆராய்ச்சி செய்கிறாளாம். ஈறு நோய், உடல் பருமன், சர்க்கரை நோய் மூன்றும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றனவாம். உடம்பில் அழற்சி இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கிற புரதங்கள் எச்சிலில் வந்துவிடுமாம். ஊசி குத்தாமல் எச்சிலை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள்.

குண்டானவர்களும் சர்க்கரைக்காரர்களும் வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டார்கள், ஒல்லியாக, ஒரு நோயும் இல்லாத ஆட்கள்தான் கிடைக்கவில்லை என்றாள். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு குழு வேண்டுமாம். உடனே என் ஞாபகம் வந்ததாம். பெண்ணுக்குப் புத்தி இருக்கிறது. குண்டானவர் குழுவுக்கு உன் அத்தையையும் கூட்டி வருகிறேன் என்றேன். சமீபத்திய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருவருக்கும் வேண்டுமாம். நான் ஓய்வு பெற்றபோது எடுத்த சீட்டுகள் பீரோவில் இருக்கின்றன. அதே உடம்புதானே, அது போதும்.

ஜூன் 9, திங்கள்

அவமானப்பட்டுத் திரும்பியிருக்கிறேன்.

பல் துலக்காமல், வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தாள். இதில் வெறும் வயிறு சரி. ஆனால் மச்சான் மகள் முன்னால், ஊத்தை வாயோடு போய் உட்கார்ந்து எச்சிலைக் கொடுப்பதா? ஒருவருக்கு எச்சில் டம்ளரை நீட்டவே கூசுகிற குடும்பத்தில் பிறந்தவன். கொடுக்கிறதுதான் கொடுக்கிறோம், சுத்தமாகக் கொடுப்போம் என்று விடிவதற்கு முன்பே எழுந்து உப்பும் கரியும் வைத்து அழுத்தித் துலக்கினேன். மதுரையில் அவர்கள் நீட்டிய சோதனைக் குழாயில் விழுந்த எச்சில் சிவப்பாக இருந்தது. ரத்தம் கலந்தால் பரிசோதனைக்கு ஆகாதாம். இந்துஜா பதமாகத்தான் சொன்னாள், ஆனால் கூட இருந்த ஒரு பொடியன் சிரித்தான்.

வரவில்லை வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்த வேலுத்தாய், பல் துலக்காமல் வந்திருந்தாள். அவளுடையதை எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்து நான் மட்டும் மறுபடி வர வேண்டுமாம்.

ஜூன் 12, வியாழன்

பஸ்ஸில் துலக்காத வாயைத் துண்டால் மூடிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

அங்கே தலையைக் குனிந்து உட்கார்ந்து, வாயில் தானாக ஊறுவதைக் குழாய்க்குள் வடியவிட வேண்டும். துப்பக் கூடாது. எனக்கு ஊறவே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அன்றைக்கு வேலுத்தாய் பேசிக்கொண்டே நிரப்பிக் கொடுத்தது போன்ற குழாயில் நான் அரை மணி நேரம் குனிந்திருந்தும் பாதிகூட வரவில்லை. எப்போதும் எதையாவது நினைத்து வாயூறுகிறவளுக்குச் சுலபம்தான். கட்டுப்பாடான வாயில் எங்கிருந்து ஊறும்?

பிறகு இந்துஜா ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு ஆழம் அளந்தாள். அளக்க அளக்க முகம் மாறியது. கீழ் வரிசையில் முன்பல் இரண்டு ஆடுகிறதாம். எனக்கே தெரியும், வயதானால் ஆடாதா? கடைசியில், மாமா உங்களை நோயில்லாதவர் குழுவில் வைக்க முடியாது, ஈறு நோய் முற்றியிருக்கிறது என்றாள். அத்தையின் ஈறு நன்றாக இருக்கிறதாம். யார் கேட்டார்கள்?

ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுகிற வேலை இது. கூப்பிடும்போது ஆரோக்கியமானவன் என்று கூப்பிட்டு, வந்த பிறகு நோயாளி என்று முத்திரை குத்துகிறார்கள். திரும்பி வரும்போது சாத்தூரில் இறங்கி இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கோபத்தில் தொண்டை வறண்டுவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

பின்பக்கத்துக் கழிவறையில் எறும்பு. வரிசை வரிசையாக வந்து பீங்கான் ஓரத்தில் மொய்க்கிறது. இவள் சர்க்கரையைத் திருடி அங்கே ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று எனக்குப் பட்டது. கேட்டேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த கக்கூசுக்கு நீங்க மட்டும்தான போறீக," என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. எறும்பு மருந்து வாங்கி வந்து போட்டேன். மதியம் மறுபடி வந்துவிட்டது. இப்போதெல்லாம் மருந்திலும் கலப்படம்.

ஜூன் 20, வெள்ளி

தண்ணீர் கேன்காரனோடு தகராறு. நாலு நாள் வருகிற கேன் இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது. குறைத்து நிரப்பிக் கொண்டு வருகிறான் என்று தெருவில் வைத்தே கேட்டுவிட்டேன். சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தான். அவன் போன பிறகு, எதற்கு அந்தப் பிள்ளையை வைகிறீர்கள், நீங்கள்தானே செம்பு செம்பாகக் குடிக்கிறீர்கள் என்கிறாள் வேலுத்தாய். வெயில் காலத்தில் குடிக்காமல் என்ன செய்வது?

போன மாதம் வாங்கிய புது ஷூ காலில் கடித்த இடம் இன்னும் ஆறவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இந்துஜா பேசினாள். முடிவு வந்துவிட்டது. எழுதவே ஆத்திரமாக வருகிறது.

அத்தையின் எச்சிலில் எல்லாம் அளவாக இருக்கிறதாம். பருமனுக்காகக் கவனமாக இருந்தால் போதுமாம். என்னுடையதில்தான் அந்தப் புரதங்கள் ஏறிக்கிடக்கின்றனவாம். அவளிடம் இருக்கிற சர்க்கரைக்காரர்களில் பாதிப் பேருக்குக்கூட இவ்வளவு இல்லையாம். ஈறு நோய் மட்டுமென்றால் இந்த அளவு ஏறாது மாமா, நாளைக்கே ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள், ஒல்லியானவர்களுக்கும் வரும் என்றாள். ஒல்லியானவர்களுக்கும் வருமாம்! எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

அவளிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். குழாயை மாற்றி வைத்திருக்கிறீர்களா? பெயர் எழுதவில்லை மாமா, எண்தான் போடுவோம், மாறாது என்றாள். எண்தான் போடுவார்களாம்! அப்புறம் எப்படி மாறாமல் இருக்கும்? நான் சிவப்பாகக் கொடுத்த அன்று வேலுத்தாயும் கொடுத்தாள். அங்கேதான் குளறுபடி. என் எண்ணை அவளுக்கும் அவள் எண்ணை எனக்கும் போட்டிருக்கிறார்கள். எண்பத்தாறு கிலோ உடம்பில் ஒன்றுமில்லை, இப்போது ஐம்பத்தைந்து கிலோவுக்கு வந்திருக்கிற உடம்பில் சர்க்கரை என்றால் பச்சைப் பிள்ளைகூட நம்பாது.

ஆக, சர்க்கரை வேலுத்தாய்க்கு. அவளிடம் சொன்னேன். ஆய்வில் உனக்கு ஏறிக்கிடக்கிறது, அந்தப் பிள்ளைகள் எண்ணை மாற்றிவிட்டார்கள் என்று. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள், மாற்றிவிட்டார்கள் என்று இந்துஜா சொன்னாளா, நீங்கள் சொல்கிறீர்களா என்று. நடுவர் நான். முடிவு என்னுடையது.

ஜூன் 29, ஞாயிறு

மைதானத்தில் சூசைமாணிக்கம் கிடைத்தார். தபால் துறையில் இருந்தவர், பத்து வருடமாகச் சர்க்கரைக்காரர். வீட்டம்மாவுக்கு வந்திருக்கிறது என்றதும் மனிதர் நெகிழ்ந்துபோய், டாக்டரிடம் போனால் ஆயிரம் டெஸ்ட் எழுதுவான், என் மாத்திரையே கேட்கும் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு அட்டை கொடுத்தார். எங்கள் நடைக்கூட்டத்தில் இது வழக்கம்தான். முழங்கால் வலிக்கும் பிரஷருக்கும் அட்டைகள் கைமாறிக்கொண்டே இருக்கும். காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, ராத்திரி ஒன்று.

வேலுத்தாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழுங்க மாட்டேன் என்று அடம் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறு மாதிரிப் பேசினாள்.

"நான் முழுங்குதேன். பதிலுக்கு நீங்க ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாக்கணும். எனக்காக."

சரி என்றேன். திங்கட்கிழமை போகிறேன் என்றேன். என் கண் எதிரிலேயே ஒன்றைப் போட்டு விழுங்கினாள்.

ஜூன் 30, திங்கள்

ரத்தம் எடுக்கிற ஆய்வகத்தில் கூட்டம் இருக்கும். திங்கட்கிழமை எப்போதும் கூட்டம்தான்.

ஜூலை 2, புதன்

வேலுத்தாய்க்குக் காலையில் வியர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது என்கிறாள். மாத்திரை வேலை செய்கிறது, கொழுப்பு கரைகிறது என்று விளக்கினேன். காலை இட்லியையும் இரண்டாகக் குறைத்தேன். மாத்திரையும் இருந்து வயிறும் நிறைந்தால் பலன் எங்கே தெரியும்?

ரத்தம் கொடுக்கப் போனீர்களா என்று கேட்டாள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஆட்டம், என்னைத்தான் விசில் ஊதக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். அது உண்மை. ஆட்டம் சாயங்காலம் என்பதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விசில் ஊதும்போது முன்பல்லில் சுரீர் என்றது. கடைவாயில் வைத்து ஊதிச் சமாளித்தேன். எதிர்க்கோடியில் பந்து போவது கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. மைதானத்தில் ஒரே புழுதி.

ஜூலை 5, சனி

இன்றும் மாத்திரை போட்டாள். போட்டுவிட்டு, உங்கள் முறை என்றாள். நாளை ஞாயிறு, ஆய்வகம் பாதி நேரம்தான்.

அவள் இப்போது பகலிலும் படுக்கிறாள். சாதாரணமாகப் படுக்கிறவள் இல்லை. தலை சுற்றுகிறது, இரண்டு வாய் கூடச் சாப்பிடட்டுமா என்று கேட்டாள். கேட்டே சாப்பிடுகிறாள் என்பது நல்ல முன்னேற்றம். வேண்டாம் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

ஆய்வகம் வரை போனேன். வாசலில் பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்தி, சார் உங்களுக்கா டெஸ்ட், நீங்கள் இன்னும் இளவட்டம் மாதிரி இருக்கிறீர்களே என்றான். வேறு வேலையாக வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

வீட்டில், கொடுத்தாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். ரிசல்ட் நாளைக்கு என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. எதற்கு இவ்வளவு சந்தோஷம்?

ஜூலை 9, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் மாத்திரை போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனாள். ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் கொடிக்குக் கீழே கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்த்து ஜில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் முழிக்கிறாள், ஆனால் என்னைத் தெரியவில்லை. யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆட்களும் நானுமாகத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். அவளுடைய கனத்தைப் பற்றி இத்தனை வருடம் பேசியிருக்கிறேன். இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தூக்கினேன்.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நாற்பதுக்கும் கீழே போயிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, என் சேலை விலகியிருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு உயிர் வந்தது.

பிறகு ஒரு டாக்டர் வந்தார். என் கடைசி மாணவர்களின் வயதுதான் இருக்கும். கேஸ் சீட்டைப் பார்த்தார், அவள் உடம்பைப் பார்த்தார். என்ன மாத்திரை போட்டீர்கள் என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தெரியாமல் போட்டுவிட்டேன் ஐயா என்றாள். அவ்வளவுதான், அந்தப் பையன் பிடித்துக்கொண்டான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு வாயைக் கட்ட முடியவில்லை, நடக்க முடியவில்லை, மாத்திரையை மட்டும் இஷ்டத்துக்கு முழுங்கிவிட்டு எங்கள் உயிரை வாங்குகிறீர்கள், உங்களை மாதிரி ஆட்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புத்தி வராது என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசினான். வேலுத்தாய் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை. ஒன்றிரண்டை நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வேறொருவன் வாயிலிருந்து வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. யார் இவன், இவளைப் பேச? இவளைப் பற்றி என்ன தெரியும் இவனுக்கு? எழுந்து நின்று கத்தினேன்.

"அவளுக்குச் சுகர் கிடையாது. எனக்குத்தான் இருக்கு. மாத்திரைய அவ கையில குடுத்ததும் நான்தான். வையணும்னா என்னைய வையி."

 டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்களுக்கு எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார். என்ன சொல்வது? என் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லையே. நான் ஆய்வகத்து வாசலோடு திரும்பி வந்தவன். அப்படியென்றால் இருக்கிறது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? எனக்குத் தெரியும் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது என்று எழுதலாம். எழுதினால் பொய்.

வேலுத்தாய் மட்டும் படுத்தபடியே பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. அவள் டாக்டரிடம் பேசவில்லை.

"அப்ப அன்னைக்கு ரத்தம் குடுத்தாச்சின்னு சொன்னது?"

 அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டு, இவருக்கும் ஒரு தடவை பாருங்கள் தாயி என்றாள். கையை நீட்டினேன். நானூற்றுப் பதினெட்டு. அந்தப் பெண் மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு விரலில் குத்தினாள். தப்பில்லை.

ஜூலை 10, வியாழன்

அந்த மாத்திரையின் வேகம் இறங்கும்வரை அவளைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டில். அவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஏறுகிறது, எனக்கு இன்சுலின் ஏறுகிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவள் கட்டில் பக்கம் போய்ச் சர்க்கரை எவ்வளவு என்று விசாரித்துவிட்டு, என்னிடம் வந்து அவளை நன்றாகக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாவது ஆள் கேட்டபோதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவதாக வந்தது சூசைமாணிக்கம். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் அப்படியே என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இந்துஜாவும் மதுரையிலிருந்து வந்தாள். எண் மாறவில்லை என்று அவள் சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டுமா மாமா என்று கேட்டாள். பெல்ட்டுக்கு மேலே சின்னதாகப் பிதுங்குகிறதே, கையும் காலும் குச்சியாக இருந்தாலும் கொழுப்பு இங்கே உட்கார்ந்துகொள்ளும் என்றாள். ஈறைச் சுத்தம் செய்து புண்ணை ஆற்றினால் சர்க்கரையும் ஓரளவு இறங்கும், சர்க்கரை இறங்கினால் ஈறும் ஆறும், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள். ஆடுகிற பற்களில் ஒன்றைக் காப்பாற்றலாமாம். மற்றதற்கு வாக்குக் கொடுக்க மாட்டாளாம்.

வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்கிறவர்கள் மேல் இன்று எனக்கு மரியாதை வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். அலமாரிச் சாவியை அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. அடுப்படி மேடையில் வைத்தேன். சாயங்காலம் வரை வைத்த இடத்திலேயே இருந்தது.

நாலு நாளாக அவள் என்னோடு சண்டை போடவில்லை. வேளைக்கு மருந்து எடுத்து வைக்கிறாள், காலில் இருக்கிற புண்ணுக்குத் துணி கட்டுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தண்ணீர் கேன்காரனிடம்கூட இதைவிட அதிகமாகப் பேசுவாள். நாலு வார்த்தை திட்டினால் நானும் திருப்பித் திட்டி, ஒரு வழியாக முடிந்துவிடும். அதற்கு இடமே கொடுக்கவில்லை.

ராத்திரி இட்லி அவித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்னால் பாத்திரம் நிறைய இருந்தது. நான் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று அவளைக் கேட்டேன். டாக்டர் ஏதோ சொன்னார், அவள்தான் கவனித்துக் கேட்டுக்கொண்டாள், எனக்கு ஞாபகமில்லை. அவளே எண்ணி வைப்பாள் என்று தட்டை நீட்டினேன்.

"உங்க தட்ட நான் பாக்க மாட்டேன்," என்றாள். "ஒரு மனுசர் தட்ட இன்னொரு மனுசர் பாத்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தனக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு, சட்னியை ஊற்றி, எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். ஆடுகிற பல்லில் படாமல் மெல்ல நேரமாயிற்று.

அவள் தட்டை நான் பார்க்கவில்லை என்று எழுதத்தான் இந்த நோட்டைத் திறந்தேன். ஐந்து சாப்பிட்டாள்.